கம்பி இரைகிறதா? கிட்டாரின் சேடிலைத் தொடுவதற்கு முன்

மழை விடாமல் பிடித்த ஓர் அக்டோபரில் என் கிட்டார் கனத்துப்போனது. தடித்த ஆறாவது கம்பியை அழுத்தினால் விரல் நுனியில் பள்ளம் விழுந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, கம்பிகளைத் தாங்கும் எலும்புத் தகடான சேடிலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டேன். விரலுக்கு அவ்வளவு சுகம். கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் அந்தச் சந்தோஷத்திலேயே போனது. மார்ச் பிறந்து தருமபுரி வெயில் சூடு பிடித்ததும், அதே கிட்டார் எந்தக் கம்பியைத் தட்டினாலும் ‘ஸ்ர்ர்’ என்று இரைய ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். மரம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். கிட்டாரின் மேல் பலகை உப்பினால் அதன் மேல் இருக்கும் பிரிட்ஜும் சேடிலும் சேர்ந்து எழும்பும், கம்பி உயரும். காய்ந்தால் பலகை அமுங்கும், கம்பியும் இறங்கும். நான் உப்பிய நேரத்தில் அளந்து தேய்த்தேன். காய்ந்த நேரத்தில் கம்பிக்கு இடமே இல்லாமல் போனது. ஒரே மரப் பலகையால் செய்த கிட்டாரில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். பிளைவுட் கிட்டாரில் குறைவு.

தேய்த்த எலும்பு திரும்ப முளைக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி சேடிலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கிறது.

முதலில் பெயர்கள். வீணையில் கம்பி ஏறி உட்காரும் பாகத்தைக் குதிரை என்கிறோம். கிட்டாரில் அதே வேலையைச் செய்யும் மரக்கட்டைதான் பிரிட்ஜ். அதன் பள்ளத்தில் செருகியிருக்கும் வெள்ளைத் தகடு சேடில், அதாவது சேணம். குதிரை மேல் சேணம், சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுமுனையில், தலைப்பக்கம் கம்பிகள் வரிசையாகப் படிந்து போகும் இன்னொரு வெள்ளைத் துண்டு நட். நடுவில் கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகள் ஃப்ரெட், வீணைக்காரர்கள் மொழியில் மெட்டு. ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைத்தான் ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். கம்பி அதிரும்போது ஏதாவது ஒரு ஃப்ரெட்டின் தலையில் உரசினால் இரைச்சல் வரும். கிட்டார்காரர்கள் இதைப் ‘பஸ்ஸிங்’ என்பார்கள். பேருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரைவது யார்?

ட்யூனர் ஆப்பைத் திறந்து ஆறு கம்பியையும் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். அரை சுருதி இறங்கியிருந்தாலே கம்பி தளர்ந்து, அகலமாக ஆடி, இரையும். கம்பி பழசாகிக் கறுத்திருந்தால் மாற்றிவிட்டு அப்புறம் பாருங்கள். சமீபத்தில் மெல்லிய கம்பிக்கு மாறினீர்களா? அதுவே காரணமாக இருக்கலாம். மெல்லிய கம்பி கழுத்தைக் குறைவாக இழுக்கும், கழுத்து நிமிர்ந்துவிடும்.

அப்புறம் கிட்டாரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ட்யூனிங் கீயின் மரை கழன்றிருக்கலாம், வெட்டாமல் விட்ட கம்பி நுனி தலைப்பலகையில் மோதலாம், உள்ளே பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) வயர் தொங்கலாம். என்னிடம் வந்த ஒரு கிட்டாரில் இரைந்தது வாசித்த தம்பியின் சட்டைப் பொத்தான். கால் மணி நேரம் சேடிலையே முறைத்துக்கொண்டிருந்த பிறகுதான் அது தெரிந்தது.

இதெல்லாம் இல்லை என்றால், ஒவ்வொரு கம்பியையும் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், ஒரு முறை, பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி ஒரு முறை, மிதமான வேகத்தில் தட்டுங்கள். ஃப்ரெட்டின் மேலேயோ இரண்டுக்கும் நடுவிலேயோ அழுத்தாமல், ஃப்ரெட்டை ஒட்டி, தலைப்பக்கமாகச் சற்றே தள்ளி அழுத்துங்கள். புதிதாகக் கற்பவர்களின் இரைச்சலில் நிறைய இந்த இடத்திலேயே போய்விடும். மீதி இருப்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட்.

அந்தத் தாளே நோயைச் சொல்லிவிடும். திறந்த கம்பி மட்டும் இரைந்து, அழுத்தினால் சுத்தமாக ஒலித்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. சேடிலைத் தொடாதீர்கள். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால், கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது அல்லது பின்பக்கம் வளைந்துவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பல கம்பிகளில், கழுத்தின் நடுவிலிருந்து உடல் வரைக்கும் பரவலாக இரைந்தால்தான் சேடில் தாழ்வு என்று சந்தேகப்படலாம்.

கழுத்தை அளப்பது

இதற்கு ஒரு ஃபீலர் கேஜ் வேண்டும், அதாவது வெவ்வேறு கனத்தில் மெல்லிய இரும்புத் தகடுகள் கோத்த அளவுகோல். கடையில் வாங்கலாம். நான் தெருமுனை டூவீலர் பட்டறையில் கடன் கேட்டேன்.

“ண்ணா, அந்தப் பில்லர் கேஜைப் பத்து நிமிஷம் தர்றீங்களா?”

“எந்த வண்டிக்குப்பா?”

“வண்டிக்கு இல்லண்ணா. கிட்டாருக்கு.”

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கும் டேப்பட் வந்துடுச்சா?” என்றார். கொடுத்தார். கூடவே, தகடு உள்ளே போகும்போது லேசாக உரச வேண்டும், தள்ளவும் கூடாது, லொடலொடவென்று இருக்கவும் கூடாது என்று சொல்லியும் கொடுத்தார். கிட்டாருக்கும் அதே விதிதான்.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், பெரும்பாலும் 14-வது ஃப்ரெட், ஆறாவது கம்பியை அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பி ஒரு நேர்க்கோல் மாதிரி நிற்கும். நடுவில், 7-வது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். 0.25 தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் கழுத்தில் குறையில்லை. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கிடந்தால் கழுத்தைத் தளர்த்த வேண்டும்.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி ட்ரஸ் ராட். அதன் திருகு ஒலித்துளைக்கு உள்ளேயோ தலைப்பலகையில் சின்ன மூடிக்கு அடியிலேயோ இருக்கும். கச்சிதமாகப் பொருந்தும் ஆலன் கீயை மட்டும் போடுங்கள். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் தளரும், இடைவெளி கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். திருகு முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், பலம் காட்டுகிற இடம் அதுவல்ல. கழுத்து சரியான பிறகும் இரைந்தால்தான் சேடிலுக்கு முறை வருகிறது.

ஆக்‌ஷனை அளப்பதும் ஒரு சின்னக் கணக்கும்

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல் எடுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அது உதவாது. கேப்போவைக் கழற்றிவிட்டு, கிட்டாரை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்து, 12-வது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்துங்கள். ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை எவ்வளவு என்று பாருங்கள். இரும்புக் கம்பி போட்ட கிட்டாரில் ஆறாவது கம்பிக்கு 2.4 முதல் 2.8 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 முதல் 2 மி.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குச் சரிப்படும். நைலான் கம்பி கிட்டாருக்கு இந்த எண்கள் பொருந்தாது. அங்கே ஆறாவதுக்கு 4, முதலாவதுக்கு 3 மி.மீ. பக்கம் இருக்கும்.

என் கிட்டாரில் அந்த மார்ச்சில் ஆறாவது கம்பி 1.8-ல் நின்றது. 2.4 வேண்டும். 0.6 குறைகிறது. அப்படியென்றால் சேடிலை 0.6 உயர்த்தினால் போதுமா? போதாது. 12-வது ஃப்ரெட் கம்பியின் சரியான நடு. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை ஜன்னலில் கட்டியிருக்கிறது, மறுமுனையை நீங்கள் ஓர் அடி தூக்கினால் கயிற்றின் நடு அரை அடிதான் ஏறும். கிட்டாரில் ஜன்னல் நட், உங்கள் கை சேடில். எனவே 12-வது ஃப்ரெட்டில் எவ்வளவு வேண்டுமோ அதற்கு இரு மடங்கு சேடிலில். 0.6 வேண்டுமென்றால் 1.2 மி.மீ. குறைக்கும்போதும் இதே கணக்குதான். நான் ஒன்றரை தேய்த்தபோது நடுவில் முக்கால் மில்லிமீட்டர் இறங்கியது.

கழற்றுவது

கம்பிகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே கம்பியை முழுவதும் அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். தளர்ந்ததும் கழுத்தில் கேப்போவை மாட்டிவிட்டால் கீயில் சுற்றிய சுற்று கலையாமல் அப்படியே இருக்கும், திரும்ப மாட்டும்போது பாதி நேரம் மிச்சம். கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின் வரவில்லை என்றால் மேலே நெம்ப வேண்டாம். ஒலித்துளைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு நாணயத்தால் தள்ளினால் வந்துவிடும்.

சேடிலை எடுப்பதற்கு முன் பென்சிலால் அதன் முன்பக்கத்தில், ஆறாவது கம்பி இருக்கும் முனையில், ஒரு புள்ளி வையுங்கள். திருப்பிப் போட்டால் சுருதி குழம்பிவிடும். கட்டிங் பிளேயரின் பல்லில் மாஸ்கிங் டேப் சுற்றி, சேடிலின் ஒரு முனையைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் அசையாது. அப்போது விட்டுவிடுவதே நல்லது. பிரிட்ஜைப் பெயர்த்தவர்கள் எல்லாம் ‘இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம்’ என்று நினைத்தவர்கள்தான்.

வெளியே வந்ததும் பள்ளத்தைப் பாருங்கள். மரத்தூள், பழைய பசைத் துணுக்கு இருந்தால் சுரண்டி எடுங்கள். அடியில் ஒரு துணுக்கு இருந்தாலும் சேடில் சாய்ந்து நிற்கும்.

அணை கொடுப்பது

விரைவான வழி சேடிலுக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை வைப்பது. பலரும் விசிட்டிங் கார்டை மடித்துச் செருகுவார்கள். வேண்டாம். அட்டை மெத்தை மாதிரி, அதிர்வைக் குடித்துவிடும். ஒலி மந்தமாகும், நாளாக நாளாக அமுங்கவும் செய்யும். கடினமான பொருள் வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது சன்மைக்கா. எந்தப் பிளைவுட் கடையிலும் கேட்டால் மாதிரிக்கு வைத்திருக்கும் துண்டு தருவார்கள். 0.8 மி.மீ., 1 மி.மீ. கனங்களில் இருக்கிறது. 1 மி.மீ. துண்டு வைத்தால் 12-வது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் ஏறும், கணக்குப் போடவே வேண்டாம். காலாவதியான ஏ.டி.எம். கார்டும் நல்லதுதான், அதன் கனம் 0.76 மி.மீ. இன்னும் மெல்லியது வேண்டுமென்றால் அதே கடையில் கிடைக்கும் வினீர், சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும்.

பட்டை பள்ளத்தின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். சன்மைக்காவைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் சிதறும். ஸ்கேல் வைத்து, கத்தியால் ஏழெட்டு முறை ஆழமாகக் கோடு கிழித்து ஒடியுங்கள். ஓரத்தை உப்புத்தாளில் இரண்டு தேய் தேயுங்கள். ஒரு பக்கக் கம்பி மட்டும் இரைகிறது என்று பாதி நீளத்துக்குப் பட்டை வைக்காதீர்கள். சேடிலின் நடுவில் காற்றுதான் இருக்கும், அங்கே உட்காரும் கம்பிகளின் ஒலி செத்துப்போகும்.

எனக்கு 1.2 தேவை என்று கணக்கு சொன்னது. நான் 1 மி.மீ. மட்டும் வைத்தேன். குறைவாக ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. 2.3 வந்தது, இரைச்சல் நின்றது. நின்றபின் எண்ணைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை.

பட்டையால் தூக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. சேடிலின் மொத்த உயரத்தில் பாதியாவது பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பிகளின் இழுப்பில் சேடில் முன்னால் சாய்ந்து, பள்ளத்தின் சுவரையே பிளந்துவிடும். சேடிலுக்கு அடியில் பட்டையாகப் பிக்கப் இருக்கும் கிட்டாரிலும் நான் அணை கொடுக்க மாட்டேன். ஒரு கம்பி கத்தும், ஒரு கம்பி முனகும். அதற்குப் புதிய சேடில்தான் வழி.

புதிய சேடில்

செதுக்காத எலும்புத் துண்டு இணையத்தில் கிடைக்கும், பெங்களூரிலும் கிடைக்கும். வாங்குமுன் பழைய சேடிலின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. பக்கம் இருக்கும், ஆனால் கிட்டாருக்குக் கிட்டார் மாறும்.

தேய்ப்பதற்குத் துளியும் மேடு பள்ளம் இல்லாத தளம் வேண்டும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் பட்டறைக்கா பஞ்சம்? சமையல் மேடை வெட்டியபின் ஓரத்தில் எறிந்து வைத்திருக்கும் பாலிஷ் போட்ட துண்டு ஒன்று கேட்டு வாங்கிவாருங்கள். அதன் மேல் 120 நம்பர் உப்புத்தாளை டேப் போட்டு ஒட்டுங்கள்.

பழைய சேடிலைப் புதியதன் மேல் வைத்து, மேல் வளைவைப் பென்சிலால் வரையுங்கள். வளைவு ஃப்ரெட் பலகையின் வளைவோடு ஒத்துப்போவது, அதை அப்படியே எடுக்க வேண்டும். மேல் விளிம்பில் சில கம்பிகளுக்கு மட்டும் பின்னால் தள்ளிச் செதுக்கியிருந்தால், அது சுருதிக்காகச் செய்தது, அதையும் பாருங்கள். மேல் பக்கத்தை முடித்த பிறகு உயரத்தை எப்போதும் அடிப்பக்கத்தில்தான் குறைக்க வேண்டும். பழையதன் உயரத்தோடு உங்கள் கணக்கில் வந்த கூடுதலைச் சேர்த்து அடியில் ஒரு கோடு போடுங்கள். பாதுகாப்புக்கு அரை மில்லிமீட்டர் தள்ளியே போடுங்கள்.

முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு தேயுங்கள். எலும்புத் தூள் மூச்சுக்கு ஆகாது, நாற்றமும் உண்டு, பல் டாக்டர் பல்லைக் குடையும்போது வருமே, அதே நாற்றம். சேடிலை வெறும் விரலால் பிடித்தால் கை தானாகவே ஆடி அடிப்பாகம் படகு மாதிரி உருண்டுவிடும். நேராக அறுத்த ஒரு மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்து, ஒரே திசையில், நீளவாக்கில் இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்திக் கோட்டைப் பாருங்கள், சேடிலைத் திருப்பிப் பிடியுங்கள். நம் கை ஒரு பக்கம் எப்போதும் கூடுதலாக அழுத்தும். கோட்டை நெருங்கியதும் 400-க்கு மாறுங்கள். முடிந்ததும் ஸ்கேலின் விளிம்பில் சேடிலின் அடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் இன்னும் சமமாகவில்லை.

பள்ளத்தில் விரல் அழுத்தத்துக்கே இறங்க வேண்டும். அதே சமயம் கிட்டாரைக் கவிழ்த்தால் விழக் கூடாது. இறங்கவில்லை என்றால் பக்கங்களை லேசாகத் தேயுங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

திரும்ப மாட்டி

பின்களைச் செருகி, கம்பிகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சுருதி சேர்ந்ததும் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஓர் இரவு விடுங்கள். காலையில் சுருதி இறங்கியிருக்கும், சேர்த்துவிட்டு 12-வது ஃப்ரெட்டை மறுபடி அளந்து, முதலில் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதே ஃப்ரெட்டுகளைத் தட்டிப் பாருங்கள். பலமாக அடித்தால் மட்டும் லேசாக இரைந்தால் அது நோயல்ல, எல்லாக் கிட்டாரும் அப்படித்தான். ஒரே இடத்தில் பிடிவாதமாக இரைந்தால் அந்த ஃப்ரெட்டைத் தட்டிச் சமன்படுத்த வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. நாம் சேடிலை மேலும் மேலும் தூக்கி அதை மறைத்தால் விரல்தான் தேயும்.

கோடையில் கிட்டாரை ஷீட் கூரைக்கு அடியில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள், காருக்குள் விடவே விடாதீர்கள். பெட்டிக்குள் வைத்து, மூடியில் துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான பஞ்சை நன்றாகப் பிழிந்து போட்டு, பக்கத்தில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரம் அமைதியாக இருக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய சேடில், நான் அக்டோபரில் தேய்த்துக் கெடுத்தேனே, அதைத் தூக்கி எறியவில்லை. பிறகு எலும்பில் உயரமாக இன்னொன்று செய்தேன், வெயில் காலத்துக்கு அதுதான் நிற்கிறது. மழை பிடித்து மேல் பலகை உப்பி, ஆறாவது கம்பி 3 மி.மீ.யைத் தொட்டால் பழையதை எடுத்து மாட்டிவிடுகிறேன், அந்த உயரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டிலும் பென்சிலால் ‘மழை’, ‘வெயில்’ என்று எழுதியிருக்கிறேன். மாட்டாத ஒன்று, கம்பி வந்த காலிக் கவருக்குள், கிட்டார் பையின் முன் ஜிப்பில் கிடக்கும்.